எழுவர் நிறையாத களம்

கபடி எழுவர் ஆடும் ஆட்டம். ஆட்டமிழந்தவர் வெளியேற, எஞ்சியோரே களத்தைக் காத்தல் வேண்டும். மூவரோ அதற்கும் குறைந்தோரோ நின்று, பாடி வந்தவரை மடக்கிப் பிடித்தால், இக்கால விதி கூடுதலாக ஒரு புள்ளி வழங்குகிறது. ஆள் குறைந்த அணியின் உழைப்புக்கு ஆட்டமே செய்யும் மரியாதை அது.

2025 அக்டோபரில் வெளிவந்த, மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ திரைப்படத்தை இவ்விதியை மனத்திற்கொண்டே மதிப்பிடலாம். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய, பொருநைச் சீமையின் மணத்தி கணேசன் வாழ்வே இதற்குத் தூண்டுகோல்.

ஓட்டத்தைத் தனியே பழகலாம். மூச்சடக்கத் தனியே பழகலாம். பிடியை அவ்வாறு பழக இயலாது. பிடிபட இன்னொருவர் வேண்டும். சாதிப்பகை ஊரைப் பிளந்துவிட்டால், ஆள் இருந்தும் அணி நிறைவதில்லை. மகனை ஆடவிட அஞ்சும் தந்தையாகப் பசுபதி இவ்வுண்மையை முகத்திலேயே உணர்த்திவிடுகிறார். மாணவனைக் கைவிடாது பயிற்றும் உடற்பயிற்சி ஆசிரியரும் போற்றத்தக்க படைப்பே.

ஆயினும் ஒரு குறை உண்டு. கிட்டானின் தனி ஓட்டம் நினைவில் நிற்கும் அளவுக்கு, அவனுடன் மண்ணில் புரண்டு பிடி பழகிய தோழர் எவரும் நிற்கவில்லை. அணியின் கதை ஒருவனின் கதையாகச் சுருங்கிவிட்டது.

எதிரணியில் ஒருவர் ஆட்டமிழந்தால், வெளியே அமர்ந்திருக்கும் நம்மவர் ஒருவர் மீண்டும் களம் புகலாம் என்பதும் கபடியின் விதி. வெளியே நிறுத்தியவரை உள்ளே அழைக்கும் அந்த விதியை நம் ஊர்களும் கற்க வேண்டும் என்று எண்ண வைத்ததே இப்படத்தின் பயன்.