ஸ்மார்ட் ஹோமும் சம்ப் மோட்டாரும்

ஸ்மார்ட் ஹோம் விளம்பரம் எல்லாத்திலும் ஒரே வீடுதான். சோபா, பெரிய ஜன்னல், வாயால் சொன்னா எரியும் விளக்கு. சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கம் தனிவீட்டுக்காரர் யாரிடமாவது "உங்க வீட்டில் எந்த வேலை தானா நடந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் என்பார்.

கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் நம் மறதி. டேங்க் வழிந்தால் லாரித் தண்ணிக்குக் கொடுத்த காசு சாக்கடைக்குப் போகிறது. சம்ப் காலியானது தெரியாமல் ஓடவிட்டால் மோட்டார் கெட்டுப்போகும். இதற்கு வாட்டர் லெவல் கன்ட்ரோலர் என்று ஒரு டப்பா எலக்ட்ரிக்கல் கடைகளில் ரொம்ப நாளாகவே கிடைக்கிறது. டேங்க் காலியானால் ஆன், நிரம்பினால் ஆஃப், சம்பில் தண்ணி இல்லையென்றால் ஓடவே ஓடாது. ஆப், வைஃபை, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். இதை யாரும் ஸ்மார்ட் என்று விற்பதில்லை. என் கணக்கில் தாம்பரத்தின் ஸ்மார்ட் ஹோம் இந்த டப்பாதான்.

பல்புக்கு வருவோம். ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய சுவர் ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்கணும். ரூமை விட்டு வரும்போது ஸ்விட்சை அணைப்பதோ நாம் சின்ன வயசில் திட்டு வாங்கிக் கற்றது. பாட்டி வழக்கம்போல அணைத்தால் போச்சு, அப்புறம் யார் கத்தினாலும் அதற்குக் கேட்காது. கரண்ட் போய் வந்தால் சில பல்புகள் ராத்திரி ரெண்டு மணிக்கும் தாமே பளிச்சென்று எரியும். மொழி வேறு. அலெக்ஸா 2017-ல் இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது, 2019-ல் இந்தி சேர்ந்தது. பாட்டியின் தமிழுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது கேமரா. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் இங்கே என்ற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அப்பா பாத்ரூமில் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம் நியாயமானது, அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனால் ஹாலில் மாட்டிய கேமராவின் ஆப் மகனின் போனில் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறவருக்கு அதை நிறுத்த வழியில்லை. அவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினால், தனக்கு யாரும் கொடுக்காத ஸ்விட்சை அவரே செய்துகொண்டார் என்றுதான் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்டும் சிக்னலும் போன வீடுகளில், அதே கேமரா 'ஆஃப்லைன்' என்று மட்டும்தான் காட்டியிருக்கும்.

உருப்படியான சாமான் ஒன்று உண்டு: யூனிட் காட்டும் ஸ்மார்ட் ப்ளக். ஏசிக்குப் போடலாம். ஆனால் ஆப் மாசக் கணக்கு காட்டுகிறது, நம் ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் ரேட் ஏறுகிறது. மீட்டரைப் பார்த்து "480 ஆச்சு, ஏசியைக் குறைங்க" என்று தமிழில் சொல்லும் ஒரு டப்பாவை யாராவது செய்தால், முதல் ஆளாக நான் வாங்குவேன்.