லாபக் கணக்கு சரி... பாக்கிக் கணக்கு எங்கே சார்?

கிழிந்த கார்ப்பெட், ஒழுகும் கூரை, முழங்கால் உயரத்துக்குப் புல். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே வீடு, வெள்ளை வெளேர் கிச்சனுடன் கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது!

அமெரிக்காவின் ஹெச்.ஜி.டி.வி-யில் 2013 முதல் 2022 வரை ஓடிய ‘ஃப்ளிப் ஆர் ஃப்ளாப்’ நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். யூடியூப் புண்ணியத்தில் துண்டு துண்டாக நீங்களும் பார்த்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் டாரெக், கிறிஸ்டினா என்று ஒரு ஜோடி. பாழடைந்த வீட்டை வாங்குவார்கள், ரிப்பேர் செய்வார்கள், விற்பார்கள். கடைசியில் திரையில் ஒரு கணக்கு வரும். வாங்கினது இவ்வளவு, ரிப்பேர் இவ்வளவு, விற்றது இவ்வளவு, லாபம் இவ்வளவு. சுபம்!

பொழுதுபோக்கு என்கிற வகையில் தாராளமாக மார்க் போடலாம். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால், பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு ஒரு சந்தேகம். லாப நஷ்டக் கணக்கைக் காட்டறீங்க, சரி. ஐந்தொகை எங்கே? யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற ‘சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்’ பட்டியலைக் கடைசி வரைக்கும் கண்ணில் காட்டுவதே இல்லையே, ஏன்?

இது வாத்தியார்த்தனமான கேள்வி இல்லை. பழைய வீட்டைப் புதுப்பித்து விற்கும் தொழிலில் முதலீட்டாளருக்கும் கான்ட்ராக்டருக்கும் இருக்கிற உறவே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

நிகழ்ச்சியில் கான்ட்ராக்டர் எப்படி வருகிறார்? சுவரைப் பிரிக்கிறார். உள்ளே கரையான் அரித்த மரம். ‘‘இன்னும் சில ஆயிரம் டாலர் ஆகும்’’ என்கிறார். முதலீட்டாளர் முகம் சுருங்குகிறது. விளம்பர இடைவேளை! திரும்பி வந்தால் வேலை ஜரூராக நடக்கிறது. நடுவில் என்ன பேசினார்கள்? யார் ஒப்புக்கொண்டார்கள்? பணம் எப்போது கைமாறியது? மூச்! கலிஃபோர்னியா சட்டப்படி, வீட்டு ரிப்பேரில் கூடுதல் வேலை வந்தால் அதைத் தொடங்கும் முன்பே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பாதிச் சண்டைகள் அந்த ஒரு தாள் இல்லாததால் வருகிறவை. டி.வி-க்கு அந்தத் தாள் போரடிக்கும் போலிருக்கிறது.

இதில் இரண்டு பேரின் கடிகாரமும் வேறு வேறு. முதலீட்டாளர் மூன்று லட்சம் டாலரை 12 சதவீத வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 டாலர் வட்டி. ஒரு நாள் தாமதத்துக்கு 100 டாலர் ஸ்வாஹா! அதனால் அவர் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்கிறார். கான்ட்ராக்டருக்கோ வெள்ளிக்கிழமை வந்தால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கடைக்காரருக்கு மரத்துக்கும் டைல்ஸுக்கும் பணம் கட்ட வேண்டும். அவர் ‘காசு, காசு’ என்கிறார்.

இங்கேதான் சிக்கல். இந்த மாதிரி வீடுகளுக்குக் கடன் கொடுக்கிற ஃபைனான்ஸ்காரர்கள் ரிப்பேர் பணத்தைப் பெரும்பாலும் முன்கூட்டித் தருவதில்லை. இவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று ஆள் அனுப்பிப் பார்த்த பிறகுதான் தவணை தவணையாக விடுவிப்பார்கள். கான்ட்ராக்டர் அட்வான்ஸ் கேட்கலாமே என்றால், கலிஃபோர்னியாவில் அதற்கும் பொதுவாக ஒரு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டும் ஆசாமிகளிடமிருந்து வீட்டுக்காரரைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். ஆனால், முதல் தவணை வரும் வரை வீட்டுக்குள் இறங்குவது யார் பணம்? முதலீட்டாளர் கையில் ரொக்கம் இல்லையென்றால், கான்ட்ராக்டர் பணம்தான். சொல்லப்போனால், கான்ட்ராக்டர்தான் வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் இன்னொரு ஃபைனான்ஸியர்!

சினிமாக்காரர்கள் மட்டும் யோக்கியமா? 1986-ல் டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘தி மனி பிட்’ படத்தில், வேலை எப்போ முடியும் என்று எத்தனை தடவை கேட்டாலும் ‘ரெண்டு வாரம்’ என்று ஒரே பதில்தான் வரும். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். சினிமாவில் கான்ட்ராக்டர் வில்லன், டி.வி-யில் கைகட்டி நிற்கும் எடுபிடி. பில்லை நீட்டிவிட்டுக் காத்திருக்கும் மனுஷனாக இரண்டிலும் காணோம்.

அந்த மனுஷனுக்குச் சட்டம் ஒரு ஆயுதம் கொடுத்திருக்கிறது. தலைநகர் வாஷிங்டனைக் கட்டுகிற காலத்தில், 1791-ல் மேரிலாந்து கொண்டுவந்த ஏற்பாடு. பெயர் ‘மெக்கானிக்ஸ் லியன்’. வேலை செய்தவருக்குக் கூலி வரவில்லையென்றால் அந்த வீட்டின் மீதே உரிமை கோரலாம். கான்ட்ராக்டருக்குக் கீழே வேலை பார்த்த பெயின்டருக்கும் இது உண்டு. கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேனே என்று முதலீட்டாளர் கையை விரிக்க முடியாது. பெயின்டருக்குப் போய்ச் சேரவில்லையென்றால் வீடு மாட்டிக்கொள்ளும். அதனால்தான் விவரமான முதலீட்டாளர்கள் ஒவ்வொரு தவணைக்கும், ‘பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோரமாட்டேன்’ என்று எல்லோரிடமும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். பத்து வருட நிகழ்ச்சியில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் இது.

பணம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. கம்ப்யூட்டரை வைத்து விலை போட்டு ஆயிரக்கணக்கில் வீடு வாங்கிக் குவித்தது ‘ஸில்லோ’ நிறுவனம். 2021 அக்டோபரில், புதுசாக வீடு வாங்குவதை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தது. அன்றைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, புதுப்பிக்கும் வேலைகள் தேங்கிவிட்டன, ஆள் பற்றாக்குறை! அடுத்த மாதமே அந்தப் பிரிவையே இழுத்து மூடியது. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதுதான் மூடியதற்குப் பெரிய காரணம். ஆனாலும், சுத்தியல் பிடிக்க ஆள் வராமல் வீடு தானாக நிமிராது என்பது கோடிகளில் புரளும் கம்பெனிக்கும் புரிந்தது.

நல்ல கான்ட்ராக்டர் சொன்ன நேரத்துக்குப் பணம் தருகிற முதலீட்டாளரிடம்தான் அடுத்த வீட்டுக்கும் வருவார். பேரம் பேசிக் குறைத்த பணத்தைவிட அது பெரிய லாபம். எந்த எபிசோடும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை அந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போது, கடைசியில் வரும் கணக்குக்குக் கீழே நீங்களே மனசுக்குள் ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். ‘பெயின்டருக்குப் பாக்கி: எவ்வளவு?’