மறைக்கப்பட்ட மூதாதை

தம் குலத்திலே ஓர் அரசனோ தளபதியோ இருந்தான் எனக் காட்டிக்கொள்ளும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. பிரபுத்துவ காலத்தில் அதற்காகப் புலவனுக்குப் பொன் கொடுத்தார்கள். இன்று இணையத்தளத்துக்குச் சந்தா கட்டினாற் போதும். குடிசன மதிப்பீட்டு ஏடுகளும் திருமணப் பதிவுகளும் கப்பற் பிரயாணிகளின் பட்டியல்களும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆவணங்கள் பொதுமக்கள் கைக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை ஒளிக்கிறோம் என்பதே நமது கேள்வி.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2012 இல் தொடங்கிய 'பைண்டிங் யுவர் றூற்ஸ்' என்னும் தொடர் இக்கேள்விக்கு உரைகல்லாக அமைந்தது. ஹாவார்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேற்ஸ், புகழ்பெற்றோரின் முன்னோரைத் தேடி அவர்களுக்கே எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அது. 2014 இல் நடிகர் பென் அஃப்லெக்கின் குடும்பத்திலிருந்து, அமெரிக்கப் புரட்சிப் போர்க்கால முன்னோர் ஒருவர் காட்டப்பட்டார். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த முன்னோரோ காட்டப்படவில்லை. அதை விட்டுவிடுமாறு நடிகரே கேட்டிருந்தார் என்பது 2015 இல் வெளியான மின்னஞ்சல்களால் அம்பலமாயிற்று. வெட்கத்தினாலேயே அவ்வாறு செய்ததாகக் கூறி அவர் வருந்தினார்.

வெட்கம் மனித இயல்பு. ஆனால், இது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் மட்டுமா? 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அமெரிக்க அடிமைப் பட்டியல்களைப் பாருங்கள். எசமானின் பெயர் இருக்கிறது. அதன் கீழே வயது, பால், நிறம். அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. விடுதலை பெற்றோர் ஏனையோரைப் போலப் பெயருடன் பதியப்பட்டது 1870 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான். அதற்கு முந்திய தம் பாட்டியைத் தேடும் கறுப்பின மக்கள், அவளை உடைமையாக்கியவனின் உயிலையும் சொத்துப் பட்டியலையுமே புரட்டவேண்டியிருக்கிறது. அங்கே, குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவில், விலை குறித்து அவள் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே, ஒரு குடும்பம் மறைக்க விரும்பும் அதே பெயர், இன்னொரு குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாயிலாகலாம். இத்தொடரே பல கறுப்பின விருந்தினருக்கு அத்தகைய வாயில்களைத் திறந்து காட்டியது. அதனாலேயே இங்கு நேர்ந்த மௌனம் பெருங்குறையாகிறது.

பத்துத் தலைமுறை பின்னோக்கினால் ஒருவனுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒரு வீரனைப் பொறுக்கியெடுத்து எஞ்சியோரைத் தள்ளிவிடுவது வரலாறன்று, அலங்காரம். பாட்டன் செய்த கொடுமைக்குப் பேரன் குற்றவாளியல்லன். ஆயினும், அதன் சான்றை மூடிவைக்க அவனுக்கு உரிமையில்லை. வம்சாவளி தேடும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: பெயருள்ளவனைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள், அவன் பெயரின் கீழே எண்ணாகக் கிடப்பவர்களையும் தேடுங்கள்.