சிரிக்க வைத்தவரும் சிரிப்புக்குள்ளானவரும்: டினோ ஷபீக் பற்றிய ஒரு பார்வை

ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டவர்களின் வகுப்பறையைக் களமாகக் கொண்டது 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரித்தானிய நகைச்சுவைத் தொடர். இலங்கையிலும் ஒளிபரப்பான அத்தொடரைப் பார்த்தவர்கள் பாகிஸ்தானிய மாணவர் அலி நதீமை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், அலியாக நடித்த டினோ ஷபீக்கின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. துணைப்பாத்திர நடிகர்களுக்கு வழமையாக நேரும் கதிதான் இது. எனினும் ஷபீக்கின் விடயத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. நம் பெயர் தாங்கிய அந்த மனிதரைக் கண்டு நாம் சிரித்தபோது, எதைக் கண்டு சிரித்தோம்?

1930இல் டாக்காவில் பிறந்து, 1958இல் இங்கிலாந்து சென்றவர் ஷபீக். ஆசிய நடிகர்களுக்கு அன்று அங்கு கிடைத்தவை பெரும்பாலும் சில்லறை வேடங்களே. 1974இல் பிபிசி தொடங்கிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹொட் மம்' அவருக்கு நிலையானதோர் இடத்தைத் தந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில், இந்தியாவின் தியோலாலி இராணுவ முகாமில் நிகழும் கதை அது. ஜிம்மி பெரியும் டேவிட் குரொஃப்டும் எழுதிய அத்தொடர் 1981 வரை நீடித்தது. அதில் ஷபீக்குக்குத் தேத்தண்ணிக்காரர் முஹம்மதின் வேடம்.

இந்தியப் பணியாளர்களுள் முதன்மையான ரங்கி ராம் பாத்திரம் மைக்கல் பேட்ஸ் என்ற வெள்ளை நடிகருக்குச் சென்றது. அவர் முகத்தில் கபில நிறம் பூசி நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர், உருது அறிந்தவர் என்று நியாயம் சொல்லப்பட்டது. அந்த மண்ணிலேயே வேர்கொண்ட ஷபீக்கோ அவர் அருகில் சிறிய வேடத்தில் நின்றார். 1978இல் பேட்ஸ் காலமான பின்னர் ரங்கி ராம் பாத்திரத்தில் வேறெவரும் நடிக்கவில்லை.

தொடரின் முடிவில் பெயர்கள் ஓடி முடியும் வேளையில், பிரித்தானியப் பெருமை பேசும் பாடலொன்றை முஹம்மது தனியே பாடத் தொடங்குவார். உடனே, வாயை மூடு என்ற சார்ஜன்ட் மேஜரின் அதட்டல் கேட்கும். எழுதியவர்கள் அதை வெறும் வேடிக்கையாகவே கருதியிருக்கலாம். ஆனால் ஆண்டவனின் பாட்டை ஆளப்பட்டவன் பாடினாலும் அதை முடிக்க விடமாட்டார்கள் என்ற உண்மை அதில் வெளிப்பட்டுவிடுகிறது. ஷபீக் அந்தப் பாட்டைக் கேலியாகப் பாடுவதில்லை, ஈடுபட்டே பாடுகிறார். காட்சியின் வலிமை அதில்தான் இருக்கிறது.

1977இல் தொடங்கிய 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் அவருடைய இணை, சீக்கியரான ரஞ்சித் சிங். அப்பாத்திரத்தில் நடித்த அல்பர்ட் மோசஸ் (1937–2017) நமது கம்பளையில் பிறந்தவர். பிரிவினையின் காயத்தைச் சுமந்த இரு சமூகங்களின் பகை அங்கு வாய்ச்சண்டையாகச் சுருங்கிப்போனது. இனங்களைக் கேலி செய்கிறது என்று கருதிய மைக்கல் கிரேட், 1979இல் தொடரை நிறுத்தினார். அவருடைய கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மொழி கற்பவனின் பிழை, அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதற்கான அடையாளம் என்றே ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அத்தொடரோ அந்தப் பிழையை அவனுடைய இனத்தின் இயல்பாக்கியது.

ஆனாலும் ஷபீக்கின் அலி வெறும் கோமாளியல்லர். கண்களில் எப்போதும் ஒரு நம்பிக்கை, தன்னை ஒருவர் விளங்கிக்கொண்டதும் முகத்தில் பரவும் மகிழ்ச்சி. இவை வசனத்தில் எழுதப்பட்டவையல்ல, நடிகர் கொண்டுவந்தவை. 1984இல், தமது 53ஆவது வயதில் அவர் மறைந்தார். 1986இல் அத்தொடர் மீண்டும் தயாரிக்கப்பட்டபோது அலி இல்லாத வகுப்பறையே எஞ்சியிருந்தது.

நம் நாட்டுச் சிங்கள நகைச்சுவை நாடகங்களிலும் உடைந்த சிங்களம் பேசும் முஸ்லிம் வியாபாரி பழகிப்போன பாத்திரமே. அதைக் கண்டு கோபிப்பதோடு நம்முடைய விமர்சனம் நின்றுவிடக்கூடாது. எழுத்து செய்த அநீதியையும் அதற்குள் நின்று நடிகன் மீட்டெடுத்த மனிதத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஷபீக்குக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதையும் அதுவே.