யாழ் நூலும் ஆராய்ச்சி நெறியும்

பண்டைத் தமிழுலகை ஆராயப் புகும் முதுகலை மாணவர்க்கு மட்டக்களப்பு நாடு அளித்த தலைசிறந்த வழிகாட்டி, 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளாரின் யாழ் நூல். காரைதீவிற் பிறந்த அடிகளார், தமிழ்ப் பேராசிரியராய் விளங்குதற்கு முன்னரே அறிவியலை முறையாகப் பயின்றவர். அப்பயிற்சியே இந்நூலின் உயிர்நாடி.

சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் காணும் இசைக்குறிப்புகளை அவர் சொல்லாராய்ச்சியளவில் விட்டுவிடவில்லை, கணக்கிட்டுச் சோதித்தார். குரலுக்கு ஐந்தாம் நரம்பு இளி. நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கின் அது பிறக்கும். கிரேக்கர் பைதாகரசின் பெயரோடு சேர்த்துப் போற்றிய விகிதமும் இதுவே. ஓர் உரை பொருந்துமா என்பதற்கு உரைக்குப் புறத்தே சான்று கிடைத்துவிடுகின்றது. கணக்கு எவ்வுரையாசிரியர்க்கும் முகமன் கூறுவதில்லையன்றோ!

ஆயினும், இளங்கோவடிகளின் கூற்று, பல நூற்றாண்டு பிந்திய அடியார்க்குநல்லாரின் விளக்கம், அடிகளாரின் கணிப்பு ஆகிய மூன்றும் கற்போர் உள்ளத்தில் எளிதில் ஒன்றாகிவிடுகின்றன. கணக்கு ஒத்துவருதலால், உரை கூறும் முறை இயலக்கூடியது என்பதே பெறப்படும்; சிலப்பதிகார காலத்து யாழ் அவ்வாறே பண்ணுறுத்தப்பட்டது என்பது பெறப்படாது. வழக்கொழிந்த அக்கருவிக்கு அடிகளார் ஊகித்தமைத்த வடிவங்களைப் பழம்பொருளாகவே கொண்டு எழுதுவோர் அவருடைய முடிபை ஏற்கின்றனர், முறையைக் கைவிடுகின்றனர்.

யாழ் நூலைக் கற்கும் மாணவர் மூலத்துக்குக் கறுப்பு, உரைக்கு நீலம், கணிப்புக்குச் சிவப்பு என மூவகை மையால் ஓரக்குறியிட்டுப் படிப்பாராக. சிவப்புக் குறி மிகும் பக்கங்களே புதிய ஆய்வுக்குரிய களங்கள்.