எந்த மொழியில் எண்ணும் நம் குழந்தை?

பொருநை பாயும் நெல்லைச் சீமையிலே ஒரு காட்சி. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ, மடியிலே முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள் ஒரு தாய். எதிரே அமர்ந்து மகன் ஆங்கிலத்தில் அறிவியல் பாடம் படிக்கிறான். சொல் பிசகவில்லை, குரல் தடுமாறவில்லை. “அதுக்கு என்னய்யா அர்த்தம்?” என்கிறாள் தாய். சிறுவன் விழிக்கிறான். விழிப்பது அவன் குற்றமா?

“ஆங்கில வழியைத் தாயே விரும்பினாள்; மக்கள் விருப்பத்தை மறுப்பது மக்களாட்சியாகுமா?” என்று கேட்போர் உளர். அந்த வாதத்தை உரைத்துப் பார்ப்போம்.

அவள் விரும்பியது ஆங்கிலத்தையா? அன்று! மகன் பீடி இலையைத் தொடாத வாழ்வை விரும்பினாள். உயர் நீதிமன்றத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் பெரு நிறுவனங்களிலும் ஆங்கிலமே வாயிற்காவலனாய் நிற்பதைக் கண்டாள். காவலனோடு உறவு கொண்டால் கதவு திறக்கும் என்று கணக்கிட்டாள். அது அறியாமை அன்று. அனுபவம் தந்த அறிவு. அவளை ஏசுவோரிலே எத்தனை பேர் தம் பிள்ளைகளைத் தமிழ் வழியில் படிக்க வைக்கின்றனர்? மேடையிலே செந்தமிழ், வீட்டிலே கான்வென்டு!

அவள் நோக்கம் சரி. ஆனால் நாம் காட்டிய வழி சரிதானா? ஆங்கிலத்தைக் கற்பது வேறு. அனைத்தையும் ஆங்கிலத்திலேயே கற்பது வேறு. எட்டயபுரத்துப் பாரதியார் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியைத் தம் ‘சுயசரிதை’யிலே கசந்து பாடினார். அதே பாரதியார்தான் ஷெல்லியின் கவிதையிலே நெஞ்சைப் பறிகொடுத்து, ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் பூண்டார். முரண்பாடா? இல்லை. மொழியை அவர் வெறுக்கவில்லை. தன் மண்ணையும் மொழியையும் மறக்கச் செய்யும் கல்வியையே வெறுத்தார்.

“தமிழிலே அறிவியல் வருமோ?” என்பாரும் உளர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் இரேனியசு, 1832இலேயே ‘பூமி சாஸ்திரம்’ என்று தமிழில் புவியியல் நூல் தந்தார். 1847இல் யாழ்ப்பாணம் சென்ற அமெரிக்க மருத்துவர் கிரீன், பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது, பெற்றெடுத்த பிள்ளைகளுக்குக் கைகூடாதாம்! வெட்கக்கேடன்றோ?

1974இல் பிலிப்பைன்சு நாடு ஒரு பங்கீடு செய்தது: கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்; சமூகப் பாடம் முதலியவை நாட்டு மொழியில். ஆராய்ச்சிக்கு அயல்மொழி, ஆராதனைக்குத் தாய்மொழி! நாமும் அந்தப் பாதையிலேதான் நடக்கிறோம்.

1968 சனவரி 23இல் தமிழகச் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானித்தது. அத்தீர்மானம் ஆங்கிலத்துக்கு இடம் தந்தது. தமிழின் இடத்தைத் தரவில்லை. ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழி என்ற 1999ஆம் ஆண்டு ஆணை, மறு ஆண்டே நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2012க்குப் பின்னர் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பலகை மாறியது, பாடநூல் மாறியது. தமிழ்வழி பயின்று வந்த ஆசிரியரோ பல இடங்களில் மாறவில்லை. விளைவு? தமிழும் தளர்ந்தது, ஆங்கிலமும் அமையவில்லை.

தமிழ்வழி கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது 2010ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கமே முடிவாகிவிடுமா? நீதிமன்றத்திலும் தொழிற்கூடத்திலும் தமிழுக்குச் சோறிடும் ஆற்றல் வரவேண்டும். பள்ளியிலே பாடம் தமிழில் விளங்க வேண்டும். ஆங்கிலம் ஒரு மொழியாக, அதில் தேர்ந்த ஆசிரியரால், பேசவும் எழுதவும் துணிவு வரும்படி கற்பிக்கப்பட வேண்டும். இரண்டையும் செய்யாமல் “தாயே விரும்பினாள்” என்பது, நம் கடமையை அவள் தலையிலே சுமத்துவதாகும்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி மகனைப் பார்த்துக் கேட்டதன்று, தோழர்களே! நம்மைப் பார்த்துக் கேட்டது. “அதுக்கு என்னய்யா அர்த்தம்?” விடை சொல்ல வேண்டியவர் நாம்.