அமெரிக்க ஆண்கள் இயக்கம்: கிளை பிரிந்த வரலாறு

அமெரிக்காவில் ஆண்கள் இயக்கம் பெண் விடுதலை இயக்கத்துக்கு எதிராகத் தொடங்கவில்லை. அதன் தூண்டுதலால்தான் தொடங்கியது. சம்பாதிப்பவன், அழாதவன், அடங்காதவன் என்ற வார்ப்பு ஆணையும் சிதைக்கிறது என்று உளவியலாளர் ஜாக் சாயர் 1970இல் எழுதினார். வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீரம் என்ற பெயரில் தம்மிடம் கேட்கப்படுவது உயிரையே என்பதை இளைஞர்கள் நேரடியாக உணர்ந்திருந்தனர். பெண்களின் கலந்துரையாடல் குழுக்களைப் பார்த்து ஆண்களும் சிறு குழுக்களாகக் கூடினர். 1974இல் எழுத்தாளர் வாரன் ஃபேரலின் பெண்ணிய ஆதரவு நூலான ‘தி லிபரேட்டட் மேன்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் ஆண்மை பற்றிய முதல் தேசிய மாநாடு கூடியது.

விரிசல் விழுந்தது கோட்பாட்டு விவாதத்தில் அல்ல, குடும்ப நீதிமன்றத்தில். குற்றம் நிரூபிக்காமலே மணமுறிவு பெற வழிசெய்யும் சட்டத்தை 1969இல் கலிஃபோர்னியா இயற்றியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மணமுறிவுகள் பெருகப் பெருக, பிள்ளை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் எவ்வளவு என்ற வழக்குகளும் பெருகின. நியூயார்க்கில் தேசியப் பெண்கள் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்த ஃபேரல், பிள்ளை வளர்ப்புப் பொறுப்பு குறித்து அந்த அமைப்பு எடுத்த நிலைப்பாட்டை ஏற்காமல் விலகிப்போனார். 1993இல் அவர் எழுதிய ‘தி மித் ஆஃப் மேல் பவர்’, ஆண்களிடம் அதிகாரம் இருக்கிறது என்பதையே மறுத்தது. ஆண் உரிமைக் குழுக்களுக்கு அது மூலநூலாயிற்று. ஒரே மனிதர் இரு எதிரெதிர் அணிகளுக்கும் அடிப்படை நூல் தந்திருப்பது இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி. ஆணுக்கு வலி உண்டு என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அந்த வலிக்கு ஆணாதிக்கம் காரணமா, பெண்ணியமா என்பதில்தான் பிரிந்தனர்.

பெண்ணியத்தோடு நின்றவர்கள் பால்பேதத்துக்கு எதிரான ஆண்களின் தேசிய அமைப்பாகத் திரண்டனர்; தற்பாலின ஈர்ப்புள்ளோர் உரிமையையும் தம் கொள்கையில் சேர்த்துக்கொண்டனர். கனடாவில், 1989இல் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் பெண்களைக் குறிவைத்த ஒருவன் 14 பேரைச் சுட்டுக்கொன்றான். அதையடுத்து 1991இல் ஆண்களே வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினர். பெண்கள்மீதான வன்முறையை ஆணின் பொறுப்பாக ஏற்ற இம்முயற்சி பல நாடுகளுக்கும் பரவியது.

கவிஞர் ராபர்ட் பிளை நீதிமன்றத்தையும் நாடவில்லை, பெண்ணியத்தையும் நாடவில்லை. தொன்மக் கதைகளிடம் போனார். போர் எதிர்ப்பாளர், கபீரை ஆங்கிலத்தில் வழங்கியவர். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையொன்றை விரித்து 1990இல் எழுதிய ‘அயர்ன் ஜான்’ ஓராண்டுக்கும் மேல் அதிக விற்பனைப் பட்டியலில் இருந்தது. ஆலைத்தொழில் தந்தையை வீட்டிலிருந்து பிரித்தது, மகனை ஆண்மைக்குள் அழைத்துச் செல்ல மூத்தோர் இல்லாமல் போயினர் என்பது அவர் வாதம். அவரைப் பின்பற்றிக் காட்டு முகாம்களில் கூடிப் பறை முழக்கி அழுதவர்களைப் பத்திரிகைகள் கேலி செய்தன. அது நியாயமல்ல, அவர்களில் பலருக்குத் தந்தையைப் பற்றி வாய்திறக்க அதுவரை வேறு இடமே இருக்கவில்லை. ஆனால் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையர்கள். கூலியும் நிறவெறியும் அங்கே பேசுபொருளாகவில்லை என்ற விமர்சனம் வலுவானது.

பிளையின் முகாம்கள் எட்டாத ஆண்களை மதம் திரட்டியது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி 1990இல் தொடங்கிய ‘பிராமிஸ் கீப்பர்ஸ்’, கிறித்தவ ஆண்களை விளையாட்டரங்குகளில் திரட்டி, குடும்பத் தலைமையை மீண்டும் ஏற்கச் சொன்னது. 1995 அக்டோபர் 16இல் மதத் தலைவர் லூயி ஃபரக்கானின் அழைப்பில் லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் வாஷிங்டனில் கூடினர். இரண்டுமே பொறுப்பைப் பேசின. இரண்டிலும் பெண்ணின் இடம் பின்வரிசையாகவே இருந்தது. அதே 1995இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானெல் ‘மஸ்குலினிட்டீஸ்’ நூலில், ஆண்மை ஒன்றல்ல, பல; அவற்றுக்குள்ளும் மேல்கீழ் உண்டு என்று விளக்கினார். எல்லா ஆண்களுக்காகவும் ஒரே இயக்கம் பேச முடியாமல் போனதற்கான காரணம் இந்த விளக்கத்தில் இருக்கிறது.

இன்று அமெரிக்காவில் தற்கொலையால் இறப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஆண்கள். ஆண் உரிமைக் குழுக்கள் இதைப் பெண்ணியத்துக்கு எதிரான சான்றாகவும், பெண்ணிய ஆதரவு ஆண்கள் பழைய ஆண்மை வார்ப்பின் விளைவாகவும் காட்டுகின்றனர். உதவி கேட்பதை இழிவாக எண்ணும்படி சிறுவர்கள் வளர்க்கப்படுவதைக் கணக்கில் எடுக்கும் இரண்டாவது விளக்கமே வலுவானது.